கருநூல் பூத்தையலும் ஹோல்பைன் ஓவியங்களும்

சில ஆண்டுகட்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாவிற்கு அம்மையார் ஒருவர் கசூதிப் பூவேலை நிறைந்த இல்கல் சேலை உடுத்து வந்திருந்தார். நாம் குடியேறி வாழும் இக் கன்னட நாட்டின் வடபகுதியில், தார்வாடத்திலும் ஹூப்ளியிலும், மகளிர் கையால் தைக்கும் அப் பூவேலையை நம்மவர் பலரும் அறிவர். முந்தானையில் கோபுரமும் தேரும் யானையும் துளசி மாடமும் நிரல்பட நின்றன. சுற்றி நின்றோர் வியந்து பாராட்ட, அம்மையார் முந்தானையைத் திருப்பிக் காட்டி, ‘இப்போது சொல்லுங்கள், முன்புறம் எது, பின்புறம் எது?’ என்று கேட்டார். ஒருவராலும் சொல்ல இயலவில்லை. முடிச்சு ஒன்றும் புலப்படவில்லை. இரு புறமும் ஒரே கோலம். அருகில் நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, ‘இந்தத் தையலை இங்கிலீஷ் புத்தகங்களில் ஹோல்பைன் தையல் என்று போட்டிருக்கிறார்கள், மாமி’ என்றாள். ‘அவர் யாரம்மா? பெரிய தையற்காரரா?’ ‘இல்லை மாமி, ஓவியர்.’ ‘ஓவியருக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்?’

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக் கட்டுரை. ஊசி பிடித்தறியாத ஆடவர் எழுதுவது என்று எம் சங்கத்துத் தாய்மார் நகைக்கக் கூடும். எண்ணும் வேலை எம்முடையது. தைக்கும் வேலை எம் இல்லத்தாருடையது என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டு மேலே செல்கின்றோம்.

ஹான்ஸ் ஹோல்பைன் ஜெர்மனி நாட்டு ஆக்ஸ்பர்க் நகரில் ஏறத்தாழ 1497-ஆம் ஆண்டில் ஓவியர் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் பெயரும் ஹான்ஸ் ஹோல்பைனே ஆதலின் இவரை இளைய ஹோல்பைன் என்பர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொழில் செய்துவந்த இவர், 1526-இல் முதன்முறை இங்கிலாந்து சென்று, 1528-இல் மீண்டார். பின்னர் 1532-இல் மறுபடியும் சென்று, எட்டாம் ஹென்றி மன்னரின் அரசவை ஓவியராகி, 1543-இல் லண்டன் மாநகரிலேயே உயிர் நீத்தார். அரசர், அரசியர், அமைச்சர், வணிகர் என அக்காலத்து இங்கிலாந்தின் முகங்களை இன்று நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் இவர் கண் வழியாகத்தான். முகங்கள் மட்டுமல்ல, அம் முகங்களுக்குக் கீழே கழுத்தைச் சுற்றியும் மணிக்கட்டைச் சுற்றியும் கிடந்த வெண்துணி விளிம்புகளையும் அவர் விடாது வரைந்தார். அவ் வெண்துணியின்மேல் கறுப்புப் பட்டு நூலால் அமைந்த நுண்ணிய கோலங்களே நம் பேச்சுக்குரியவை. ஆங்கிலேயர் அதனைக் ‘கறுப்பு வேலை’ என்றே வழங்கினர். யாம் கருநூல் பூத்தையல் என்போம்.

அக்காலத்து ஐரோப்பியர் உடை அடுக்கடுக்கானது. வெளியே கம்பளமும் வெல்வெட்டும் பட்டும். அவை துவைக்கத் தகாதவை. உள்ளே உடலை ஒட்டிக் கிடப்பது லினன் சட்டை. ஆளிச் செடியின் நாரால் நெய்த அத் துணி வெளுக்க வெளுக்க வெண்மையும் மென்மையும் பெறும். வியர்வையை அது ஏற்றது, வெளியாடை பிழைத்தது. அந்த உள்சட்டை வெளியுலகுக்குத் தலைகாட்டும் இடங்கள் இரண்டே: கழுத்து, மணிக்கட்டு. தையற்காரர் ‘காலர்’ என்றும் ‘கப்’ என்றும் கூறும் அவ்விரண்டு இடங்களிலேதான் வீட்டுப் பெண்டிரின் கைத்திறன் முழுதும் குவிந்தது. அணிபவர் செல்வர் என்பதற்கும், அவர் சட்டை தூயது என்பதற்கும் அச் சிறு விளிம்பே சான்று.

அதனால் அரசாங்கமும் அதில் தலையிட்டது! 1533-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இயற்றிய உடைச் சட்டம், ‘நைட்’ என்னும் வீரப் பட்டத்திற்குக் கீழ்ப்பட்டவர் பட்டு நூலோ பொன்னிழையோ இழைத்த சட்டையை அணிதல் ஆகாது என விதித்தது. ஒரு சாண் அகலங்கூட இல்லாத கழுத்துப் பட்டைக்குச் சட்டம் வேண்டியிருந்தது எனில், அதன்மேல் உலகத்தார்க்கு எவ்வளவு ஆசை இருந்திருத்தல் வேண்டும்!

இத் தையல் இங்கிலாந்துக்கு எவ்வாறு வந்தது? பொதுவாகச் சொல்லப்படும் கதை இது. ஸ்பெயின் நாட்டு இளவரசி கேதரின், 1501-இல் இங்கிலாந்து வந்து ஆர்தர் இளவரசரை மணந்தார். மறு ஆண்டே கணவர் இறந்தார். 1509-இல் அவருடைய தம்பியாகிய எட்டாம் ஹென்றியை மணந்து அரசியானார். இவ்வரசி தாய்நாட்டிலிருந்து தம்முடன் கொணர்ந்ததே கருநூல் தையல். மூர் இனத்தார் ஸ்பெயினை ஆண்ட காலத்துக் கணித ஒழுங்குமிக்க கோலங்கள் அதன் மூலம் என்பர். ‘ஸ்பானிய வேலை’ என்று அக்காலத்துப் பட்டியல்களில் எழுதப்பட்டிருப்பதும் இக் கதைக்கு அரண் செய்கின்றது.

கதை அழகியது. எனினும் முழுதும் ஏற்பதற்கில்லை. கேதரின் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கேன்டர்பரிக் கதைகளில் ஒரு தச்சன் மனைவியை வருணிக்குமிடத்து, அவள் சட்டையின் கழுத்துப் பட்டை உள்ளும் புறமும் கரிய பட்டு நூலால் தைக்கப்பெற்றிருந்தது என்கிறார். உள்ளும் புறமும் என்னும் சொற்களை வாசகர் நினைவிற் கொள்க. ஆகவே கருநூல் தையல் முன்னரே ஆங்கு இருந்தது. அரசி செய்தது, இருந்த கலைக்கு அரசவையின் மதிப்பையும் ஸ்பானியக் கோலங்களையும் தந்தது என்று கொள்வதே பொருத்தம். எந்தக் கலையையும் ஓர் அரசர் அல்லது அரசி பெயரில் எழுதிவிட்டு அமைதியடைவது வரலாறு எழுதுவோர்க்கு எளிய வழி. அடுப்படியிலும் திண்ணையிலும் அமர்ந்து தைத்தவளுக்கு அவ்வழியில் இடம் இல்லை.

கேதரின் அரசியின் கைவண்ணம் பற்றி உறுதியான ஒரு செய்தி உண்டு. 1530-ஆம் ஆண்டு. மன்னர் அரசியை விலக்கி ஆன் போலினை மணக்கத் துடித்துக்கொண்டிருந்த நேரம். அப்போதும் மன்னர் தமக்குச் சட்டை வேண்டும்போது துணியைக் கேதரினிடமே அனுப்பி, வழக்கம்போல் தைப்பித்துத் தருமாறு கேட்டார். இதனை அறிந்த ஆன் போலின் சினந்து பூசலிட்டாள் எனப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதர் ஷாப்புயி எழுதியுள்ளார். மணவிலக்குக்கு உலகெங்கும் சட்ட அறிஞரைத் தேடிய மன்னர்க்குச் சட்டைக்கு மட்டும் வேறு கை தேட மனம் வரவில்லை போலும்.

இனித் தையலின் இயல்பைக் கூறுவோம். இஃது எண்ணித் தைக்கும் தையல். துணியின் பாவிழையையும் ஊடையிழையையும் எண்ணி, இரண்டிழை மேல், இரண்டிழை கீழ் என ஊசி செல்லும். அவ்வாறு செல்லும்போது ஒரு தையல் விழும். அடுத்த இடம் வெறுமையாக நிற்கும். மறுபுறத்தில் அந்த வெறுமை நிரம்பியிருக்கும். கோட்டின் முனையை அடைந்ததும் வந்த வழியே திரும்பி, முன்பு விட்ட இடைவெளிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே மீள வேண்டும். மீண்டு முடித்தால் முன்னும் பின்னும் இடையறாத ஒரே கோடு. இதுவே இரட்டை ஓட்டுத்தையல்.

வழியில் கிளை வந்தால் என் செய்வது? அக் கிளைக்குள் புகுந்து, அதன் நுனிவரை சென்று, இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு திரும்பித் தாய்வழியை அடைந்து, பின் மேலே நடக்க வேண்டும். நம் மகளிர் சிக்குக் கோலத்தில் கையெடுக்காமல் புறப்பட்ட புள்ளிக்கே மீள்வதை ஒக்கும் இது. கோலத்தின் கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தால், எத்துணைக் கிளைகள் இருப்பினும் ஒரே நூலோட்டத்தில் சென்று மீளலாம். தொடர்பற்ற தீவாக ஒரு பூவோ புள்ளியோ தனித்து நின்றால் மட்டும் நூல் பின்புறம் தாவ வேண்டும். அந்தத் தாவல் வெண்துணியின் ஊடே நிழலாகத் தெரியும். இச் சிறு விதி பின்னர் நமக்குப் பெரிதும் உதவும்.

இரு புறமும் ஒத்த தையல் ஏன் வேண்டியிருந்தது? கழுத்து விளிம்பும் மணிக்கட்டு விளிம்பும் சுருக்கம் வைத்து விரிந்து நின்றன. ஆகவே உட்புறமும் வெளிப்புறமும் ஒருங்கே பிறர் கண்ணிற் படும். பின்புறத்தில் முடிச்சும் தாறுமாறான நூலும் இருந்தால் மானம் போயிற்று. சாசர் ‘உள்ளும் புறமும்’ என்றது இது கருதியே போலும்.

இந்நாட்டுக் கசூதியிலும் ‘கவந்தி’ என்பது இதே இரட்டை ஓட்டுத்தையல்தான். படிக்கட்டுப் போல் மடிந்து மடிந்து செல்லும் ‘முர்கி’யும் இரு புறமும் ஒத்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல யாம் துணியோம். இழையை எண்ணித் தைப்பவள், பின்புறமும் அழகாயிருத்தல் வேண்டும் என்று கருதினால், எந்த நாட்டிலிருப்பினும் இவ்வழியைக் கண்டடைவாள் என்றே எண்ணுகின்றோம்.

இவ்வளவு மிகுதியாகத் தைத்த துணிகள் இன்று எங்கே? இங்கேதான் இக் கதையின் துன்பம் இருக்கின்றது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரிய இத்தகைய சட்டைகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. உள்ளாடை கிழியும்வரை உடுத்தப்பட்டது, கிழிந்தபின் கந்தையாயிற்று. அதனினும் கொடியது நூலின் நிறமே. பட்டுக்குக் கறுப்பு ஏற்ற அக்காலத்துச் சாயக்காரர் மாசிக்காய் போன்ற துவர்ப்புப் பொருளையும் இரும்பு உப்பையும் கூட்டினர். நம் நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் என்றும் அன்னபேதி என்றும் கேட்டால் கிடைக்கும் அதே சரக்குகள். துவர்ப்பும் இரும்பும் கூடினால் ஆழ்ந்த கறுப்பு உண்டாகும். ஆனால் அந்த இரும்பு நாளடைவில் பட்டை அரித்துத் தின்னும். சாயமிட்ட நூல் பொடிப் பொடியாய் உதிர, சாயமிடாத லினன் துணி மட்டும் நிலைத்து நிற்கும். பொருட்காட்சிச் சாலைகளில் உள்ள பழந்துணிகள் பலவற்றில் கறுப்பு நூல் இருந்த இடத்தில் ஊசித் துளைகளும் பழுப்புக் கறையுமே காணப்படுகின்றன. நம் சோழமண்டலக் கரையினின்று மேனாடு சென்ற பழஞ் சித்திரத் துணிகளிலும் கறுப்புக் கோடு வரைந்த இடங்களில் பருத்தி இற்றுப் போயிருப்பதுண்டு. ஆங்கே கடுக்காயும் இரும்பும் கூடிக் கறுப்பைத் தந்தன, காரணம் ஒன்றே.

நூல் மறைந்தது, நூலைப் பார்த்து வரைந்த வண்ணம் நிலைத்தது. ஆகவே தையலைத் தேடுவோர் ஓவியத்தை நாடினர்.

அவற்றுள் முதன்மையானது, வியன்னா நகரத்துக் கலைக்கூடத்தில் உள்ள ஜேன் சீமோர் அரசியின் உருவப்படம். எட்டாம் ஹென்றியின் மூன்றாம் மனைவியாகிய இவர் 1536-ஆம் ஆண்டு மே மாதம் மணம் புரிந்து, 1537-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆண்மகவு ஈன்று, பன்னிரண்டு நாளில் ஹாம்ப்டன் அரண்மனையில் மறைந்தார். ஹோல்பைன் அவரை வரைந்தது அக் குறுகிய காலத்தில். படத்தின் உயரம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர், அகலம் 40. சிவந்த வெல்வெட்டு ஆடை, பொன்னும் மணியும், கோத்த கைகள். அக் கைகளின் மணிக்கட்டில் வெண்ணிறச் சுருக்க விளிம்பு. அதில் கருநூற் கோலம். சுருக்கம் மடியுமிடத்தில் துணியின் உட்புறமும் வெளிப்புறமும் அருகருகே தெரிகின்றன. இரண்டிலும் ஒரே கோலம். இரட்டை ஓட்டுத்தையலுக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு படம் அமெரிக்காவின் டொலீடோ நகரப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது. இருபத்தொரு வயது மங்கை என்று படத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது, பெயர் இல்லை. நெடுங்காலம் அவரை மன்னரின் ஐந்தாம் மனைவி கேதரின் ஹோவர்ட் என்றே நம்பினர். இப்போதோ அமைச்சர் தாமஸ் கிராம்வெல் குடும்பத்துப் பெண்ணாக இருத்தல் கூடும் என்கின்றனர். அரசியாக இருந்தவர் அரசி அல்லர் ஆனார். மணிக்கட்டுப் பூவேலை மட்டும் எவ்வித மாற்றமும் இன்றி அங்கேயே இருக்கின்றது. பிராங்க்பர்ட்டில் உள்ள சைமன் ஜார்ஜ் என்னும் இளைஞர் படத்தில் கழுத்துப் பட்டை முழுதும் கருநூல் வேலை. ஆடவர்க்கும் இவ்வணி உரியதே என்பதற்கு அவர் சான்று.

படத்திலிருந்து தையலை மீட்பது எவ்வாறு? கேட்பதற்கு எளிது; பார்த்து எழுதிக்கொள்வதுதானே என்று தோன்றும். அவ்வாறு அன்று.

முதல் இடர், மடிப்பு. துணி நேராகக் கிடப்பதில்லை. சுருங்கி, வளைந்து, கையைச் சுற்றித் திரும்புகின்றது. படத்தில் சாய்ந்து காணும் கோடு, துணியைப் பிரித்து விரித்தால் நேர்கோடாக இருக்கலாம். ஒரு மடிப்பின் முகட்டில் கோலத்தின் பாதி தெரியும். மறு பாதியைப் பள்ளம் விழுங்கிவிடும். எனவே கோலம் மீண்டும் மீண்டும் வருவது என்பதை நம்பி, ஒரு மடிப்பில் தெரிந்த பாதியை அடுத்த மடிப்பில் தெரிந்த மறுபாதியோடு பொருத்த வேண்டும். இன்று கணிப்பொறித் திரையில் இவ்வோவியங்களைப் பன்மடங்கு பெருக்கிக் காணும் வசதி உண்டாதலின், முன்னோர் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் பட்ட துன்பம் சிறிது குறைந்திருக்கின்றது.

இரண்டாவது, அளவு. கோலத்தில் உள்ள மிகக் குறுகிய கோட்டை ஒரு தையல் என்று கொண்டு, ஏனைய கோடுகளை அதன் மடங்காக எண்ணிக் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொள்வர். குறித்தது மூலையில் வந்து பொருந்த வேண்டும். பொருந்தவில்லையெனில் எண்ணியது பிழை. அல்லது ஓவியர் பிழை.

மூன்றாவது, அந்த ஓவியர். தூரிகை இழையை எண்ணாது. ஹோல்பைன் உருவங்களை முதலில் தாளில் வரைந்துகொண்டு, அத் தாளைக் கொண்டே பின்னர்ப் பலகையில் வண்ணம் தீட்டியவர். வின்ஸர் மாளிகையில் உள்ள அரச சேகரிப்பில் அவ்வாறான வரைபடங்கள் ஏறத்தாழ எண்பது உள்ளன. துணியின் வகையையும் நிறத்தையும் தம் தாய்மொழியில் சுருக்கமாகக் குறித்து வைத்துள்ள தாள்களும் அவற்றில் உண்டு. எதிரே அமரும் பெருமக்கள் நெடுநேரம் அமரார். 1538-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் டென்மார்க் இளவரசி கிறிஸ்தினாவை வரையச் சென்றபோது அவருக்குக் கிடைத்தது மூன்று மணி நேரமே. அந்நேரத்தில் முகத்தைத்தான் பிடிக்க முடியும். சட்டை விளிம்பின் இழையை எண்ண முடியாது.

அப்படியெனில் அவர் வரைந்த கோலத்தை நம்பலாமா? இருவகைக் கருத்தும் உண்டு. யாம் நம்பும் பக்கத்தில் நிற்கின்றோம். ஹோல்பைன் வெறும் முகம் வரைபவர் அல்லர். பொற்கலங்களுக்கும் அணிகலன்களுக்கும் மாதிரி வரைந்து கொடுத்தவர். ஜேன் சீமோர் அரசிக்கென அவர் வரைந்த பொற்கிண்ணத்தின் மாதிரி இன்றும் இருக்கின்றது. கோலத்தின் இலக்கணம் அறிந்த கை அது. பிறிதொரு சான்று தையலே தருவது. முன்னர்ச் சொன்ன விதியை நினைவு கூர்க: இரட்டை ஓட்டுத்தையலில் கோடுகள் தொடர்புற்றிருத்தல் வேண்டும். படத்திலிருந்து எடுத்த கோலத்தைத் தைத்துப் பார்க்கும்போது நூல் எங்கும் தாவாமல் சென்று மீண்டால், ஓவியர் உண்மையான துணியைக் கண்டே வரைந்தார் என்று கொள்ளலாம். ஓரிடத்தில் தீவு ஒன்று தனித்து நின்றால், அங்கே ஓர் இணைப்புக் கோட்டை அவர் விட்டிருத்தல் கூடும். நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போல ஓவியரை ஊசி விசாரிக்கின்றது.

வேறு துணைகளும் உள்ளன. ஹோல்பைன் பிறந்த ஆக்ஸ்பர்க் நகரிலேயே ஷோன்ஸ்பெர்கர் என்பார் 1520-களில் தையல் மாதிரிப் புத்தகம் அச்சிட்டார். கொலோன் நகரில் பீட்டர் குவென்டல் 1527-இல் ஒன்று வெளியிட்டார். இப் புத்தகங்களைப் பெண்டிர் அலமாரியில் வைத்துப் போற்றவில்லை. தாளில் கோலத்தின்மீது ஊசியாற் குத்தி, கரித்தூள் தடவித் துணிக்கு மாற்றிக்கொண்டனர். ஏடு ஏடாகப் பிரித்துப் பகிர்ந்தனர். பயன்பட்டதனாலேயே அழிந்த புத்தகங்கள் இவை, எஞ்சியவை சிலவே. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிச் சாலையில் ஜேன் பாஸ்டாக் என்னும் பெண் 1598-இல் தைத்த மாதிரித் துணி ஒன்று உள்ளது. ஆண்டு குறித்த ஆங்கில மாதிரித் துணிகளுள் இதுவே பழமையானது. ஆலிஸ் லீ என்னும் குழந்தை 1596-இல் பிறந்த செய்தியும் அதில் எழுத்தாகத் தைக்கப்பட்டிருக்கின்றது. நாம் பேசும் துறையில் தன் பெயரைத் தானே எழுதி வைத்த பெண் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை எண்ணினால், அத் துணியின் அருமை புலப்படும்.

ஊசியைப் பற்றியும் ஒரு சொல். நுண்ணிய தையலுக்கு நுண்ணிய எஃகு ஊசி வேண்டும். மேரி அரசியின் காலத்தில் லண்டன் சீப்சைடு வீதியில் கறுப்பின மனிதர் ஒருவர் ஸ்பானிய ஊசி செய்து வந்தார் என்றும், அத் தொழிலை எவருக்கும் கற்பிக்க மறுத்துவிட்டார் என்றும் பழைய வரலாற்றாசிரியர் ஸ்டோ குறிக்கின்றார். அவர் பெயரை ஸ்டோ எழுதவில்லை.

எலிசபெத் அரசியின் காலத்தில் தையலின் போக்கே மாறிற்று. இழை எண்ணும் கட்டக் கோலங்கள் பின்தங்கின. துணியில் மையால் கொடியும் மலரும் வரைந்து, அக் கோட்டின்மேல் தைத்து, இதழ்களின் உள்ளே சிறு சிறு கட்டக் கோலங்களையோ புள்ளிகளையோ நிரப்பினர். அச்சுப் படங்களில் நிழல் காட்டும் முறையைத் தையல் பின்பற்றியது. மான்செஸ்டர் கலைக்கூடத்தில் ஜார்ஜ் கோவர் வரைந்த மேரி கார்ன்வாலிஸ் அம்மையாரின் படத்தில் சட்டைக் கை முழுதும் இவ்வாறான கொடி படர்ந்திருக்கின்றது. அழகில் குறைவில்லை. ஆயினும் இரு புறமும் ஒத்த பழைய ஒழுங்கு அதில் இல்லை. எம் மனம் பழையதையே நாடுகின்றது. மையால் வரைந்ததோடு நின்று, ஒரு தையலும் விழாமல் போன தலைக்குல்லாய்த் துணி ஒன்றும் விக்டோரியா ஆல்பர்ட் சாலையில் உள்ளது. தொடங்கியவள் ஏன் விட்டாள் என்று அதனைக் காண்போர் எல்லாரும் எண்ணாதிரார்.

இத் துறையில் பெருந்தொண்டு புரிந்தவர் ஆங்கில அம்மையார் ஜேனட் ஆர்னால்ட். ஓவியங்களையும் எஞ்சிய துணிகளையும் ஒப்புநோக்கி, எலிசபெத் அரசியின் ஆடைப் பட்டியல்களை ஆராய்ந்து 1988-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அவர் 1998-இல் மறைந்தார். சட்டை, கழுத்துப் பட்டை முதலிய லினன் ஆடைகளைப் பற்றி அவர் திரட்டியவை பிறர் துணையுடன் 2008-இல் நூலாயின. அந் நூல்களின் சிறப்பு, கண்டதையும் கருதியதையும் கலவாமை. இத்தனை இழை, இத்தனை அங்குலம், இவ்விடத்தில் துளை மட்டும் உண்டு என எழுதிச் செல்வார். 1872-இல் நிறுவப்பெற்ற அரச தையற் பள்ளியும் கருநூல் வேலையைக் கற்பித்து வருகின்றது. அப் பள்ளி இன்று நடைபெறுவது ஹாம்ப்டன் அரண்மனையில். ஜேன் சீமோர் அரசி மறைந்த அதே அரண்மனை.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். ஓவியருக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்? ஹோல்பைன் தையல் என்னும் பெயர் ஹோல்பைன் காலத்தில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பழந்தையல்களை மீட்க முனைந்தோர், அவர் படங்களில் கண்டமையின் இட்ட பெயர் அது. அவர் ஒரு தையலும் தைத்தவர் அல்லர். தைத்தவர்களோ, அரசியரின் தோழியர், பணிப்பெண்டிர், கூலிக்குத் தைத்தோர், ஒருவர் பெயரும் அப் படங்களில் இல்லை. கண்ணாற் கண்டவர் பெயர் நின்றது. கையாற் செய்தவர் பெயர் மறைந்தது. இது முறையன்று என்றே யாம் கருதுகின்றோம். ஆயினும் அவர் காணாதிருந்தால் கோலமும் மறைந்திருக்கும் என்பதனால் அவர்மேல் சினம் கொள்ளவும் இயலவில்லை. கன்னட மகளிர் இதற்கு எவர் பெயரையும் சூட்டவில்லை. ‘கண்டு’ எனில் அவர் மொழியில் முடிச்சு. அச் சொல்லினின்றே கவந்தி என்னும் பெயர் வந்தது என்பர்.

எழுதுவதோடு நில்லாமல் தைத்தும் பார்ப்போம் என எம் இல்லத்தரசியாரும் அவர்தம் தங்கையாரும் முன்வந்தனர். அங்குலத்திற்கு 28 இழை கொண்ட லினன் துணியைப் பெங்களூரிலிருந்து வருவித்தோம். ஹோல்பைன் காலத்துத் துணி இதனினும் மிக நுண்ணியது. ஜேன் சீமோர் அரசியின் மணிக்கட்டு விளிம்பைத் திரையில் பெருக்கி வைத்துக்கொண்டு, யாம் கட்டத் தாளில் எண்ணிக் குறித்தோம். மூன்று மாலைப் பொழுது எண்ணினோம். முதல் முயற்சியில் நான்கு விரற்கடை தைத்த பிறகு மூலை பொருந்தவில்லை. ‘எண்ணினது நீங்கள்தானே?’ என்றார் இல்லத்தரசியார். ஓர் இழை, ஒரே ஓர் இழை, தொடக்கத்தில் தவறியிருந்தது. முழுதும் பிரித்தோம்.

மறுமுறை பொருந்தியது. ஆயினும் மடிப்பின் பள்ளத்துள் மறைந்த பகுதியை என்ன செய்வது என்பதில் வீட்டில் இரு கட்சி உண்டாயிற்று. தெரிந்த கோலத்தைக் கொண்டு நிரப்பிவிடலாம், எவர் அறிவார் என்றது ஒரு கட்சி. அது யாமே. ‘அந்தப் பொண்ணு எப்படித் தைத்தாளோ தெரியாது, தெரிந்த மாதிரி கறுப்பில் தைக்கக் கூடாது’ என்றார் தங்கையார். அவர் கருத்தே வென்றது. படத்தில் கண்ட பகுதி கறுப்புப் பட்டு நூலிலும், யாம் ஊகித்து நிரப்பிய பகுதி பழுப்பு நூலிலும் தைக்கப்பெற்றன. ஒரு சாண் நீளத் துணியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பழுப்பாக வந்து நிற்கின்றது.

இவ்வாண்டு விழா மண்டபத்தில் மகளிர் கைவேலைகள் வைக்கும் மேசையில் அத் துணியும் இருக்கும். கண்ணாடிச் சட்டத்துள் அடைக்கவில்லை. அன்பர்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். பின்புறத்தில் வலக்கோடியில் நூல் ஒரு முறை தாவியிருக்கின்றது. அது படத்தில் உள்ளதா, எம் எண்ணிக்கையின் பிழையா என்பதைக் கசூதி அறிந்த அம்மையார் பார்த்துச் சொல்வதாக வாக்களித்திருக்கின்றார்.